இன்னும் நாலு கிலோ

பிள்ளை பெற்ற நான்காம் மாதம் பானுப்பிரியா ஆமத்தூர்த் தெருவில் விடியற்காலையில் ஓட ஆரம்பித்தாள்.

“ஏ புள்ள, சினிமாவுல எதுவும் கூப்பிட்டாகளா?” என்று மதினிமார் சிரித்தார்கள்.

கணவன் முனியராஜ் மட்டும் சமாதானமாகச் சொன்னான்.

“நீ இப்பிடிக் கொழுகொழுன்னு இருக்கதுதான் எனக்குப் புடிச்சிருக்கு. யாருக்காக இளைக்க?”

“இன்னும் நாலு கிலோ குறையட்டும். பெறவு வேலைக்குப் போறேன்.”

“பட்டாசு ஆலையில வெடிக்கு மருந்து செலுத்துறது உக்காந்து பாக்குற வேலைதான? அதுக்கு எதுக்கு இளைக்கணும்?”

பானுப்பிரியா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

“எங்கக்காவும் புள்ள பெத்த நாலாம் மாசம் உக்காந்துதான் பாத்தா. தீப்புடிச்சதும் அந்த ரூம்ல இருந்த மத்த மூணு பேரும் வெளிய ஓடிட்டாக. அக்கா கையை ஊனி எந்திரிச்சு, வாசப்படி வரைக்கும் வந்துட்டாளாம்.”