மரங்கொத்தி போட்ட பிளான்

பிள்ளைத்தாச்சி அணில் ஒன்று, சொந்தமாகப் பொந்து வேண்டுமென்று மரங்கொத்தியிடம் போனது. படுக்க எவ்வளவு இடம், வாலுக்கு எவ்வளவு இடம் என்று கேட்டுக் கேட்டு மரங்கொத்தி மணலில் பிளான் போட்டது. "குடைவது என் வேலையில்லை. எலியைப் பாருங்கள்" என்றது.

பிளானில் வாசல் கிழக்கே இருந்தது. மரத்தில் கிழக்குப் பக்கம் வைரம் பாய்ந்த கட்டை. மேற்கே பல் இறங்கியதால் எலி அங்கேயே வாசல் வைத்துவிட்டது. பிளான் புரியாத அணில் சந்தோஷமாகக் குடிபுகுந்தது.

ஆடி மழை மேற்கிலிருந்து அடித்தது. இரை தேடப் போன அணில் திரும்பியபோது, குட்டிகள் தண்ணீரில் செத்துக் கிடந்தன.

"நான் போட்டது கிழக்கு வாசல்" என்றது மரங்கொத்தி.

"மரத்தைப் பார்க்காமலே போட்டது" என்றது எலி.

பிறகு இரண்டும் சேர்ந்து, "நீங்கள் கூடவே நின்று பார்த்திருக்க வேண்டாமா?" என்று அணிலைக் கேட்டன.

அணில் மரங்கொத்தியை நிமிர்ந்து பார்த்தது. "உங்கள் பொந்தை யார் குடைந்தது?"

"பிளானும் நான்தான், குடைந்ததும் நான்தான்" என்றது மரங்கொத்தி. "பிள்ளைகள் இருக்கிற வீடு. இன்னொருத்தர் கையில் விட முடியுமா?"