நாலு ஸ்பிரிங்

"நல்ல ஸ்பிரிங்தான். நான் இல்லைன்னு சொல்லலையே."

உதிரி பாகக் கடை பரிகியே என் பட்டறைத் தகர டப்பாவைக் கவிழ்த்து, அதுல கிடந்த நாலு பழைய கிளச் ஸ்பிரிங்கை மேஜை மேல நிறுத்தி வச்சிருந்தான். பக்கத்துல அவன் கொண்டு வந்த புதுசு ஒண்ணு. அஞ்சும் ஒரே உயரம். போன ஸ்பிரிங்னா குட்டையாயிருக்கும்.

"அப்ப ஏழு மாசம் முன்னாடி பியாருகபா வாத்தியார்கிட்ட ஸ்பிரிங் போச்சுன்னு பொய் சொல்லித்தான் என்கிட்ட புதுசு வாங்கினியா?"

"ஆமா."

"ஞாயித்துக்கிழமை ஜெபத்துல முதல் பெஞ்சுல வேற உட்கார்றே."

உட்காரு, சொல்றேன்னேன்.

வாத்தியாரோட பைக்கை வாடகைக்கு ஓட்டறவன் ததேயோ. எங்க மலையூர் கபாலேயில மேடு ஏறாம எங்கயும் போக முடியாது. அந்த பைக் மேட்டுல வச்சு நழுவும். இஞ்சின் கத்தும், சக்கரம் நகராது, கருகின வாசனை வரும். கால் மணி நேரம் நிறுத்தி வச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடும். ரெண்டு தடவை கிளச் தகடு மாத்தியாச்சு.

வாத்தியார் கணக்கு வாத்தியார். சுத்தி வளைக்க மாட்டார்.

"மெஷினா, கையா? ஒரே வார்த்தையில சொல்லுப்பா. ரெண்டு விரலைக் கிளச் மேலயே வச்சு ஓட்டறவனுக்கு என் சாவி கிடையாது."

சாவி போனா ததேயோ பழையபடி சந்தையில கிழங்கு மூட்டை தூக்கணும். அவன் பக்கத்துல நின்னுக்கிட்டு ஒண்ணும் பேசல. அவன் எப்பவுமே பேசமாட்டான்ங்கறதால அதை வச்சு எதையும் முடிவு பண்ண முடியாது.

பிரிச்சுப் பார்த்தேன். கேபிள் சரி. லீவர்ல ஆட்டமும் அளவாத்தான் இருந்துச்சு. ஆயில்தான் கறுத்துப் போயிருந்துச்சு. இரும்புத் தகடு நீலம் பாரிச்சிருந்துச்சு. நீலம்னா சூடு. சூடுன்னா கை.

ஆனா ஒரு மூட்டை கிழங்கை ஏத்தி, அது மேல நானும் உட்கார்ந்துக்கிட்டு அவனை மேட்டுல ஓட்டச் சொன்னா, விரலை எடுத்துட்டு அழகா ஓட்டறான். நழுவவே இல்ல.

"பின்ன எப்பத்தான்டா நழுவும்?"

"செவ்வாய்க்கிழமை."

பைக்குக்குக் காலண்டர் தெரியாதேன்னேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை ரிப்பேருக்கு வந்த இன்னொரு பைக்கை எடுத்துக்கிட்டு அவன் பின்னாலயே போனேன். ஆஸ்பத்திரி மேடு. பின் சீட்டுல மஞ்சள் சால்வை போர்த்திக்கிட்டு ஒரு அம்மா. ஒவ்வொரு குழிகிட்டயும் யோசிச்சு, ஒவ்வொரு கல்லுகிட்டயும் அனுமதி கேட்டுத்தான் அந்த பைக் ஏறுச்சு. ரெண்டு விரலும் கிளச்சை விட்டு நகரல. தலையில கரி மூட்டையோட நடந்து போன ஒருத்தி ரெண்டு பேரையும் தாண்டிப் போனா. பின்னால போன எனக்கு பைக்கை விழாமப் பிடிக்கறதே பெரும்பாடாப் போச்சு.

மேலே போய் அந்தம்மா இறங்கினாங்க. முகத்தைப் பார்த்தேன். திரும்பி வந்துட்டேன்.

சாயங்காலம் ததேயோவைக் கூப்பிட்டு ஒரு குவளை சோளக்கூழ் குடுத்தேன். பாதிக் குவளை காலியானப்புறம்தான் சொன்னான். அந்தம்மாவுக்கு இது நாலாவது. முதல் மூணும் தங்கல. வாராவாரம் ஊசி. உடம்பு குலுங்கவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லியிருக்காங்க. கார்ல போனா எதுக்குன்னு ஊரே கேட்கும். எங்க பக்கம் வயிறு தானாத் தெரியற வரைக்கும் யாரும் வாயால சொல்றதில்ல.

"வீட்டுக்காரருக்குக் கூடவா தெரியாது?"

"அவருக்குத்தான்ணே முக்கியமாத் தெரியக்கூடாது. போன தடவை ஒரு வாரம் சாப்பிடாமக் கிடந்தாராம். யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு என்கிட்ட சத்தியம் வாங்கியிருக்காங்க. கியர் மாத்தினா வெட்டும்ணே. அதான் விரலை எடுக்கல."

மறுநாள் வாத்தியார் வந்தார். மெஷினா, கையான்னு கேட்டார். ஸ்பிரிங்னேன். நம்பிட்டுப் போயிட்டார்.

ததேயோகிட்ட, முதல் கியர்லயே போட்டு விரலை எடு, அது தானா ஊரும்னு சொல்லிக் குடுத்தேன். அதுக்கப்புறம் தகடு கருகல. அவ்வளவுதான் கதை.

பரிகியே உதட்டைப் பிதுக்கினான்.

"யாரோ ஒருத்தர் பொண்டாட்டி வயித்துக்காக, பாவம், வாத்தியார் தலையில ஸ்பிரிங்கைக் கட்டியிருக்கே. அவர் ரெண்டு தகடு வேற மாத்தியிருக்கார். அந்தாளுக்கு என்ன தலையெழுத்து? சரி, யாரு அந்தம்மா?"

"அதைச் சொல்லமாட்டேன்."

அப்பத்தான் வெளியில கருகின வாசனை வந்துச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு பைக் வந்துச்சு.

பியாருகபா வாத்தியாரே ஓட்டிக்கிட்டு வந்தார். கூடவே பையைத் தூக்கிக்கிட்டு ததேயோ நடந்து வந்தான். அவன்தான் முதல்ல வந்து சேர்ந்தான். பின் சீட்டுல வாத்தியார் சம்சாரம். மஞ்சள் சால்வை. சால்வைக்குள்ள ஒன்றரை மாசக் குழந்தை, நல்லாத் தூங்குது.

வாத்தியாரோட ரெண்டு விரலும் கிளச் மேலயே இருந்துச்சு. நின்ன பிறகும் எடுக்கல.

"இங்க வாப்பா," ன்னு கூப்பிட்டார். "குழந்தைக்குத் தடுப்பூசி போடப் போயிட்டிருக்கோம். நீ போட்ட ஸ்பிரிங் மறுபடி போச்சு போல."

ததேயோ என்னைப் பார்க்கல. ரோட்டைப் பார்த்தான்.

பரிகியே அந்தச் சால்வையையே பார்த்துக்கிட்டிருந்தான். அப்புறம் மேஜை மேல இருந்த நாலு பழைய ஸ்பிரிங்கையும் பொறுக்கி, துணியில துடைச்சு, என் கையில வச்சான்.

"இதோ வரேன் சார்," ன்னு போனேன்.