ஆம், இல்லை

ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள ஜெராக்ஸ் கடையில் மதிய வெயில் மேஜைவரை வந்து நிற்கிறது. கடைக்காரி ஆனந்தவள்ளி யாருடைய ஆதார் அட்டையையோ நகல் எடுத்துக்கொண்டே, ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் இன்ஷாவுக்குப் பதில் சொல்கிறாள். இணையத்தில் பெண்களைத் துரத்தித் தொல்லை கொடுத்தவர்களையும் அந்தப் பெண்களையும் பற்றி இன்ஷா ஆராய்ச்சி செய்கிறாள். இந்த வாரத்தில் இது ஒன்பதாவது பேட்டி; அவள் குரல் கம்மிப்போயிருக்கிறது. மெஷினின் பச்சை வெளிச்சம் மூடிக்கு அடியில் ஊர்ந்து, ஆனந்தவள்ளியின் முகவாயைத் தொட்டுவிட்டு அணைகிறது.

“அந்த ஆளுங்ககிட்டயும் பேசுறீங்களாம்மா?”

“ஆமாக்கா.”

“என்ன சொல்றாங்க?”

இன்ஷா கையிலிருக்கும் கேள்வித்தாளைப் பார்த்தபடி சொல்கிறாள். “பாதிப் பேரு, அதெல்லாம் எப்பவோ மறந்துட்டோம்னு சொல்றாங்க.”

ஆனந்தவள்ளி நகல்களை மேஜையில் தட்டி ஒழுங்குபடுத்துகிறாள். ஒழுங்கான பிறகும் தட்டிக்கொண்டிருக்கிறாள். மின்விசிறி கரகரக்கிறது.

“கடைசிக் கேள்விக்கா. தொல்லை இப்ப நின்னுடுச்சா? ஆம், இல்லை, ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.”

“அவன் மெசேஜ் அனுப்பி மூணு வருஷமாச்சு. ஆனா தினமும் எந்திரிச்சதும், என் போட்டோவ வச்சு எவனும் புதுசா ஃபேக் ஐடி போட்டிருக்கானான்னு தேடிப் பார்த்துட்டுதான் பல்லு விளக்குறேன். நீங்க எதுல டிக் அடிப்பீங்க?”

இன்ஷாவின் பேனா இரண்டு கட்டங்களுக்கும் மேலே நிற்கிறது. பிறகு எதிலும் குறியிடாமல், கேட்டதை அப்படியே ஓரத்தில் எழுதத் தொடங்குகிறாள். இடம் போதவில்லை. தாளைத் திருப்பிக்கொள்கிறாள்.