காலை மாத்திரை

குணவதியின் கணவர் சாப்பிடும்போதே வாய் கோணிச் சரிந்தார். "வெறும் பித்த மயக்கம் மதினி. எலுமிச்சம்பழம் புழிஞ்சு குடுத்துப் படுக்க வைங்க" என்றாள் அவருடைய தங்கை. குணவதி கேட்கவில்லை. உடனே ஆட்டோவில் ஏற்றினாள்.

"சீக்கிரம் வந்ததால மூளைய முக்கால்வாசி காப்பாத்திட்டோம். பேச்சும் வலது கையும்தான் போச்சு, ஞாபகம் அப்படியே இருக்கு" என்றார் டாக்டர். மறுபடி ரத்தக்குழாய் அடைக்காமலிருக்க மாத்திரையும் எழுதிக்கொடுத்தார். குணவதி ஒரு வேளைகூடத் தவறவிட்டதில்லை. இப்படியொரு மனைவி அமையக் கொடுத்துவைத்தவர் என்று தெருவே மெச்சியது.

இன்று காலை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு மாத்திரையை மறுத்தார். குணவதி கொண்டையை ஒதுக்கி, பிடரியில் தோசைக்கரண்டி பதிந்த தழும்பைக் காட்டினாள்.

"இது யாரு வச்ச சூடு?"

அவர் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

"ஞாபகம் இருக்குல்ல? இனிமேலும் இருக்கணும். வாயத் தொறங்க."