மலையில் தேடிய பைலட்

உலகப்போரில் கல்வராயன் மலையில் விழுந்த குண்டுவீச்சு விமானத்தின் பைலட்டையும் கூட இருந்த ஆறு பேரையும், எண்பது வருடம் கழித்து ஒரு வெளிநாட்டுக் குழு தேடியது. மொழிபெயர்ப்பாளர் நான்.

எலும்பு தென்பட்டதும் எல்லோரும் தொப்பியைக் கழற்றினார்கள். பைலட்டின் பேத்தி அழுதாள். நான் குழிக்குள் இறங்கினேன்.

"இசைவாணி, அங்க இன்னா பண்ணிக்கினு இருக்க?" என்றார் காவலுக்கு வந்த இன்ஸ்பெக்டர்.

"முழங்காலுக்குக் கீழ ஸ்டீல் தகடு இருக்குது சார்."

"அந்தக் காலத்துல ஏது தகடு? மரம் வெட்டப் போனவன் எவனாவது இருப்பான். கேஸ் போட்டா நான்தான் அலையணும், மூடுங்கய்யா."

"மூணு வருஷமா உங்க ஸ்டேஷனுக்குப் புகாரோட அலையறது நான் சார். ஆஸ்பத்திரியில இந்தத் தகட்ட வெச்சப்ப கூட இருந்ததும் நான்தான். இது எங்கண்ணன்."

பேத்தி என்னவென்று கேட்டாள். இங்கிலீஷில் சொன்னேன்.

"ஸாரி," என்றவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அடுத்துத் தோண்ட வேண்டிய இடத்தைக் காட்டினாள்.