மிளகாய் விதை சுமந்த எறும்பு

மழை விட்டதும் எறும்புகள் வரிசையாகப் புற்றுக்குக் கிளம்பின. அவற்றுக்கு வழி காட்டும் வாசனைத் தடத்தை மழை கழுவிவிட்டிருந்தது. முன்னால் போன எறும்பு திகைத்து வளைந்து, தன் கூட்டத்தின் கடைசி எறும்புக்குப் பின்னாலேயே நடந்தது. எல்லாம் வட்டமாகச் சுற்றத் தொடங்கின.

வரிசையின் நடுவில் மிளகாய் விதை சுமந்து வந்த கடுகி என்ற எறும்புக்கு ஓயாத தும்மல். தும்மும்போதெல்லாம் வரிசையை விட்டு விலகும்.

"ஒழுங்காக நட! முன்னால் போகிறவருக்கு வழி தெரியும்," என்று பின்னால் வந்த கட்டையன் அதை முட்டி உள்ளே தள்ளும்.

பசியில் எல்லாருக்கும் கால் தள்ளாடியது. கட்டையனுக்கும் முட்டத் தெம்பில்லை. அப்போது கடுகிக்கு ஒரு பெரிய தும்மல் வந்தது. வட்டத்துக்கு வெளியே உருண்டு விழுந்து, எழுந்து, விழுந்த திசையிலேயே நடந்தது. பழக்க தோஷத்தில் கட்டையன் அதன் பின்னால் போனது. கட்டையனுக்குப் பின்னால் கூட்டமே போனது. கொஞ்ச தூரத்தில் புற்று மண் வாசனை அடித்தது. "வீடு! வீடு!" என்று எல்லாம் ஓடின.

வாசலில் கட்டையன் பணிவாகக் கேட்டது: "உங்களுக்கு எப்படி வழி தெரிந்தது?"

"வழியா? எனக்கென்ன தெ... அச்!" கடுகி இடப்பக்கம் ஓரடி விலகியது.

கூட்டம் மொத்தமும் பக்தியோடு இடப்பக்கம் ஓரடி விலகி நின்றது.