ஒரு ஆள் கூடுதல்

"ஒரு ஆள் எறங்கியாகணுங்க. இல்லீன்னா போட்டை எடுக்க மாட்டேன்" என்று இன்ஜினை அணைத்துவிட்டான் படகுக்காரன் கந்தவேல்.

இரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை அடித்த தளம். அதன் நடுவே புது மாப்பிள்ளை மாதிரி நின்றது கேரவன். ஜலகண்டாபுரத்துத் தறி முதலாளி தனசேகர், பழைய வேன் ஒன்றை நாமக்கல் பட்டறையில் கொடுத்து, கட்டில், அடுப்பு, பாத்ரூம் என்று சகலமும் வைத்து வீடாக்கியிருந்தார். காவிரியைத் தாண்டி அந்தியூர், மலை ஏறி மைசூர், அப்புறம் குடகு. மொத்தம் பத்து நாள்.

பயணம் பத்தடிகூட நகரவில்லை. அதற்குள் இது.

"அத்தனை பெரிய வேனை ஏத்திட்டு, ஒரு ஆள் இறங்கினா என்ன குறைஞ்சிடும்?" என்று மல்லுக்கு நின்றாள் மகள் அபிநயா.

மேட்டூரில் தண்ணீர் திறந்திருக்கிறார்கள், இழுப்பு அதிகம், அளவென்றால் அளவுதான் என்றான் கந்தவேல், அவள் முகத்தைப் பார்க்காமலே.

பேசாமல் பாலத்து வழியாகவே போய்விடலாம் என்றார் தனசேகர். அம்மா மஞ்சுளா விடவில்லை. பலகை மேல் ஏற்றவே உயிர் போயிற்று, இனி ரிவர்ஸ் எடுத்து ஆற்றுக்குள் இறக்கப் போகிறீர்களா என்று ஒரு பிடி பிடித்தாள். பிறகு வேனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

"சாலம்மா, நீ இறங்கிக்கோ."

அந்தக் குட்டி அடுப்பின் முன்னால் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த சமையல்கார சாலம்மாள், கையைத் துடைத்துக்கொண்டு வந்து தலைகுனிந்து நின்றாள்.

அபிநயாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாலம்மாளை இந்தப் பயணத்தில் சேர்த்ததே அவள்தான். இத்தனை வருஷமாக நம் வீட்டு அடுப்படியே கதியென்று கிடக்கிறாள், சேலத்தைத் தாண்டி ஓர் ஊர் பார்த்ததில்லை, நாம் மட்டும் ஊர் சுற்றினால் நியாயமா என்று சாப்பாட்டு மேஜையில் அவள் கேட்க, ஓட்டல் சாப்பாடு ஒத்துக்கொள்ளாத அப்பா உடனே தலையாட்டினார். அங்கேயே சாலம்மாளைக் கூப்பிட்டுக் கேட்டார். "வாரேனுங்க சாமி" என்றாள் அவள். அன்றைக்கு வாயைத் திறக்காதவள் அம்மா ஒருத்திதான். தட்டை மட்டும் நங்கென்று வைத்துவிட்டு எழுந்து போனாள்.

"அவங்க வரட்டும். நான் இறங்கிக்கறேன்."

"நீ இறங்கினா உன்னைத் தேடி நாங்களும் இறங்கணும். வேலைக்கு வந்தவதானே, அவளே இறங்கட்டும்."

"கான்வென்ட்ல உனக்கு இதைத்தான் சொல்லிக்குடுத்தாங்களாம்மா?"

"அங்க நேரத்துக்குக் கிளம்பச் சொல்லிக்குடுத்தாங்க."

அப்பா மெதுவாக, அப்போ சமையலுக்கு என்று இழுத்தார். நான் செய்கிறேன் என்றாள் அம்மா. வீட்டில் ஒரு தோசை திருப்பிப் போட அலுத்துக்கொள்பவள். அப்பா முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேனுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

சாலம்மாள் பையோடு கரையில் இறங்கினாள். அபிநயா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து, மன்னிச்சுக்குங்க அக்கா என்றாள்.

"அதனாலென்னங்க அம்மணி. நல்லபடியாப் போயிட்டு வாங்க." சொல்லி முடிக்கவில்லை, குரல் உடைந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டாள்.

படகு கிளம்பியது. இந்தப் பத்து நாளும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று முடிவு செய்துகொண்டாள் அபிநயா. கண்ணுக்கு மறையும்வரையாவது சாலம்மாளைப் பார்த்துக்கொண்டிருப்போம் என்று கம்பியைப் பிடித்து நின்றாள்.

கரையில், மீன் வறுக்கும் கடைக்குப் பின்னாலிருந்து ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவருக்கு முன்னால் இரண்டு பொடிசுகள். சாலம்மாள் ஒன்றைத் தூக்கி இடுப்பில் வைத்தாள், இன்னொன்றின் கன்னத்தைக் கிள்ளினாள், பின்னால் ஏறி உட்கார்ந்தாள். அவள் சிரித்த சிரிப்பு நடு ஆற்றிலிருந்தே தெரிந்தது. ஆற்றுப் பக்கம் ஒருமுறைகூடத் திரும்பவில்லை.

போட்ட சபதம் அபிநயாவுக்கு மறந்துபோனது. "யாரும்மா அது?"

"அவ வீட்டுக்காரர். சின்னது ரெண்டும் பேரப்பசங்க. லீவுக்கு திருப்பூர்லருந்து வந்திருக்குதுங்க."

"அவங்க இறங்குவாங்கன்னு அவருக்கு எப்படித் தெரியும்?"

அம்மா வேன் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கந்தவேலைப் பார்த்தாள். அவன் பல்லைக் காட்டினான். "இதைவிடப் பாரம் ஏத்துன போட்டுங்க இது. உங்கம்மா போன்ல என்ன சொல்லச் சொன்னாங்களோ, அதைத்தான் சொன்னனுங்க."

அபிநயா அம்மா பக்கம் திரும்பினாள். "அப்பாகிட்ட நேராவே சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அவளையே கூப்பிட்டுக் கேப்பார். சம்பளம் குடுக்கறவர் கேட்டா, வாரேனுங்கன்னுதான் மறுபடியும் சொல்லுவா."

"நான் அவங்களும் நாலு இடம் பார்க்கட்டும்னுதானேம்மா..."

சாலம்மாள் விட்டுப்போன வெங்காயத்தை வெளியே எடுத்துவந்து உரிக்க உட்கார்ந்த அம்மா நிமிராமலே சொன்னாள்: "நாம ஊருக்குப் போற நாள்தான்டி வருஷத்துல அவளுக்குக் கிடைக்கிற லீவு. அதையும் நீ பாசமா வண்டியில ஏத்திட்டே."